துண்டு துண்டாய் ஒரு மரபுச் செய்தி: பிரிந்த மரபணுத்தொகுதி கொண்ட ஆர்.என்.ஏ. வைரஸ்களில் புரதம் உருவாகும் விதம்

1962இல், ஃப்ளூ காய்ச்சலை உண்டாக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸை ஆராய்ந்தவர்களுக்கு விந்தையான ஒரு முடிவு கிடைத்தது. ஆக்டினோமைசின் டி என்னும் மருந்து செல்லின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதைத் தடுக்கும். போலியோ வைரஸ் போன்றவற்றை இந்த மருந்து அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அவற்றின் மரபுப் பொருளும் ஆர்.என்.ஏ., அதைப் படியெடுக்கும் நொதியும் அவற்றுக்குச் சொந்தம் என்பதால், செல்லின் டி.என்.ஏ. முடங்கிக் கிடந்தாலும் அவற்றின் வேலை நிற்பதில்லை. இன்ஃபுளுயன்சாவும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான். ஆனால் ஆக்டினோமைசின் டி கலந்த செல்களில் அது பெருகவில்லை. பிறகு, நச்சுக் காளான் ஒன்றிலிருந்து கிடைக்கும் ஆல்ஃபா-அமானிடினும் அதைத் தடுப்பது தெரியவந்தது. அந்த நஞ்சு முதன்மையாகத் தாக்குவது, புரதம் செய்வதற்கான செய்தியை டி.என்.ஏ.விலிருந்து சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.க்களை எழுதும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்ற செல் நொதியை. வாழ்க்கைச் சுழற்சியில் எங்குமே டி.என்.ஏ. இல்லாத ஒரு வைரஸுக்கு, டி.என்.ஏ.வைப் படிக்கும் நொதி எதற்கு?

இந்தக் கேள்விக்கு விடை 1970களின் இறுதியில்தான் வந்தது. அந்த விடை இன்ஃபுளுயன்சாவோடு நிற்கவில்லை. மரபுச் செய்தியை ஒரே நீண்ட இழையாக வைத்துக்கொள்ளாமல் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள் தமக்கு வேண்டிய புரதங்களை எப்படி உருவாக்கிக்கொள்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளவும் அதுவே வாசலாக அமைந்தது. இத்தகைய வைரஸ்களைப் பற்றிப் பேசும்போது, இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லில் சந்தித்துத் துண்டுகளை மாற்றிக்கொள்வதையே முதலில் சொல்வது வழக்கம். கொள்ளைநோய்கள் அவ்வழியே பிறப்பதால் அந்தப் பேச்சு இயல்பானதுதான். ஆனால் துண்டு மாற்றம் எப்போதாவது நடப்பது; புரத உற்பத்தி ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு மணி நேரமும் நடப்பது. பிரிந்த மரபணுத்தொகுதியின் பொருளை முதலில் அங்கேதான் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

தூது ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் இயந்திரம் ரைபோசோம். வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோம் கிடையாது. எந்தப் புரதம் வேண்டுமானாலும் அது செல்லின் ரைபோசோமைத்தான் நம்பியிருக்க வேண்டும். உட்கரு உள்ள செல்களின் ரைபோசோமுக்கு உறுதியான ஒரு பழக்கம் உண்டு. தூது ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் இருக்கும் 'தொப்பி' என்ற வேதியியல் அமைப்பை அடையாளம் கண்டு அங்கே ஏறுகிறது. அங்கிருந்து நகர்ந்து, பெரும்பாலும் முதலில் எதிர்ப்படும் ஏயூஜி என்ற மூன்றெழுத்துக் கோடானில் புரதத்தைத் தொடங்குகிறது. நிறுத்தக் கோடான் வந்ததும் இறங்கிவிடுகிறது. அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் புரதங்களுக்கான செய்தி எழுதியிருந்தாலும் அதைப் பார்ப்பதில்லை. பாக்டீரியாவின் ரைபோசோம் ஒரே தூது ஆர்.என்.ஏ.வின் நடுவில் பல இடங்களில் ஏறிக்கொள்ளும். நம் செல்களின் ரைபோசோம் அப்படியன்று. ஒரு தூதுக்கு ஒரு புரதம் என்பதே இங்கே பொதுவிதி.

பத்துப் பன்னிரண்டு புரதங்கள் தேவைப்படும் வைரஸ் இந்த விதியோடு எப்படியாவது ஒத்துப்போயாக வேண்டும். போலியோ வைரஸ் எல்லாப் புரதங்களையும் ஒரே நீண்ட சங்கிலியாக உருவாக்கவிட்டு, பிறகு தன் நொதியால் அதைத் துண்டிக்கிறது. கொரோனா வைரஸ் முழு நீள இழையிலிருந்து பல குறுந்தூதுகளை எடுத்துக்கொள்கிறது. ரேபிஸ் வைரஸின் பாலிமரேஸ் ஒரே இழையில் நின்று நின்று தொடங்கி, ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித் தூது எழுதுகிறது. இன்னொரு வழி, மரபுச் செய்தியையே தொடக்கத்திலிருந்து தனித்தனித் துண்டுகளாக வைத்துக்கொள்வது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முன்முனை உண்டு. ஆகவே ஒவ்வொரு துண்டிலிருந்தும் ரைபோசோம் ஏறத்தக்க ஒரு தூது கிடைக்கும்.

இன்ஃபுளுயன்சா ஏ வைரஸில் இப்படி 8 துண்டுகள் இருக்கின்றன. 1934இல் போர்ட்டோ ரிக்கோவில் பிரித்தெடுக்கப்பட்டு இன்றும் ஆய்வகங்களில் புழங்கும் பிஆர்8 வகையை எடுத்துக்கொண்டால், மிகப் பெரிய துண்டில் 2,341 எழுத்துகளும் மிகச் சிறியதில் 890 எழுத்துகளும் உள்ளன. எட்டையும் கூட்டினால் ஏறத்தாழ 13,600. இந்த இழைகள் எதிர்மறை இழைகள். அதாவது, ரைபோசோம் இவற்றை நேரடியாகப் படிக்க முடியாது. இவற்றின் எதிர்ப்படியே தூது ஆர்.என்.ஏ. ஆகும். எனவே வைரஸ் செல்லுக்குள் நுழையும்போதே படியெடுக்கும் பாலிமரேஸையும் கையோடு கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு துண்டும் என்பி என்ற புரதம் வரிசையாகக் கோத்த வடமாகவே வருகிறது. அதன் இரு நுனிகளும் ஒன்றுசேர்ந்து ஒரு பாலிமரேஸின் பிடியில் இருக்கின்றன. பிபி1, பிபி2, பிஏ என்ற மூன்று புரதங்கள் சேர்ந்ததுதான் அந்தப் பாலிமரேஸ். எட்டுத் துண்டுகளின் உள்ளடக்கம் வேறு வேறாக இருந்தாலும், ஒரு நுனியில் 12 எழுத்துகளும் மறு நுனியில் 13 எழுத்துகளும் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பாலிமரேஸ் அடையாளம் காண்பது இந்த நுனிகளைத்தான். நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டன்று. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இனி அந்தப் பழைய கேள்வி. ரைபோசோம் ஏறுவதற்குத் தொப்பி வேண்டும். இன்ஃபுளுயன்சாவுக்குத் தொப்பி செய்யும் நொதி இல்லை. வைரஸ் ஆய்வாளர் ராபர்ட் க்ரக்கும் அவருடைய குழுவினரும் 1970களின் இறுதியில் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. முயலின் இரத்தச் செல்களிலிருந்து எடுத்த குளோபின் தூது ஆர்.என்.ஏ.வை, இன்ஃபுளுயன்சாவின் பாலிமரேஸ் இருந்த சோதனைக் குழாயில் சேர்த்தபோது, அதுவரை மந்தமாக இருந்த வைரஸ் தூது உற்பத்தி வேகமெடுத்தது. உருவான தூதுகளைப் பரிசோதித்தால், அவற்றின் முன்முனையில் இருந்தது குளோபினின் தொப்பி. தொப்பியோடு சேர்த்துக் குளோபின் செய்தியின் முதல் பத்துப் பதின்மூன்று எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. அதாவது வைரஸின் பாலிமரேஸ் செல்லின் தூது ஆர்.என்.ஏ.வைப் பிடித்து, அதன் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அந்த நறுக்கையே தொடக்கமாகக் கொண்டு தன் செய்தியை எழுதுகிறது. பிபி2 தொப்பியைப் பற்றிக்கொள்கிறது; பிஏ வெட்டுகிறது; பிபி1 தொடர்ந்து எழுதுகிறது. இதற்குத் தொப்பி பறித்தல் என்று பெயர்.

ஆக்டினோமைசினும் அமானிடினும் வைரஸை ஏன் முடக்கின என்பது இப்போது விளங்கும். வைரஸுக்கு வேண்டியது செல்லின் டி.என்.ஏ. அன்று, அதிலிருந்து புதிது புதிதாக எழுதப்படும் தூதுகளின் தலைகள். அவை உருவாகும் இடம் உட்கரு. பெரும்பாலான ஆர்.என்.ஏ. வைரஸ்கள் உட்கருவின் பக்கமே போகாமல் சைட்டோபிளாசத்தில் வேலையை முடித்துக்கொள்ளும்போது, இன்ஃபுளுயன்சா எட்டு வடங்களையும் உட்கருவுக்குள் அனுப்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அங்கே அதன் பாலிமரேஸ், எழுதிக்கொண்டிருக்கும் பாலிமரேஸ் 2இன் வாலிலேயே பற்றிக்கொள்கிறது. தொப்பி உருவான கையோடு அது பறிபோகிறது. 2018இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற பலாக்சவிர் என்ற ஃப்ளூ மருந்து, பிஏ புரதத்தின் இந்த வெட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. தொப்பி இல்லையென்றால் தூது இல்லை, தூது இல்லையென்றால் புரதம் இல்லை.

தூதின் பின்முனையும் கவனத்துக்குரியது. செல்லின் தூதுகளுக்குப் பின்னால் ஏ என்ற எழுத்து நூற்றுக்கும் மேல் தொடராக வரும் வால் ஒன்று உண்டு. அதைச் சேர்ப்பதற்கென்று செல்லில் தனிப் புரதக் கூட்டம் இருக்கிறது. இன்ஃபுளுயன்சா அந்தக் கூட்டத்தின் உதவியை நாடுவதில்லை. அதன் ஒவ்வொரு துண்டின் முடிவுக்குச் சற்று முன்பாக யூ என்ற எழுத்து ஐந்து முதல் ஏழு முறை அடுத்தடுத்து வருகிறது. துண்டின் கடைநுனியைப் பாலிமரேஸே பிடித்துக்கொண்டிருப்பதால் அதற்கு மேல் இழை நகர முடியாமல் இறுகுகிறது. பாலிமரேஸ் அந்த யூக்களின் மேலேயே திக்கித் திக்கி, மீண்டும் மீண்டும் ஏ எழுதிக்கொண்டிருக்கிறது. வால் தானாக அமைந்துவிடுகிறது. தலையைச் செல்லிடம் பறித்த வைரஸ், வாலைத் தானே செய்துகொள்வது ஏன் என்பதற்கான விடை என்எஸ்1 என்ற புரதத்தில் இருக்கிறது. பல இன்ஃபுளுயன்சா வகைகளில் இந்தப் புரதம், வால் சேர்க்கும் செல்லின் புரதக் கூட்டத்தில் ஒரு முக்கிய உறுப்பைப் பற்றி முடக்குகிறது. அதன் பிறகு செல்லின் தூதுகள் முழுமை பெறாமல் உட்கருவிலேயே தேங்குகின்றன. வைரஸை எதிர்க்க வேண்டிய இன்டர்ஃபெரானின் தூதும் அவற்றில் ஒன்று. வைரஸின் தூதுகளுக்கு அந்தப் புரதக் கூட்டமே தேவையில்லை என்பதால் அவை தடையின்றி வெளியேறுகின்றன. செல்லின் தூது தொடங்கவும் வேண்டும், முடியவும் கூடாது என்பதே வைரஸின் தேவை. தொப்பி என்பது தூது எழுதத் தொடங்கியதுமே வைக்கப்படுவது. ஆகவே முடிவு தடைப்பட்டாலும் தொப்பிக்குப் பஞ்சமில்லை. இந்த வைரஸைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நேர்த்தியான பொருத்தத்தைக் கண்டதில்லை.

எட்டுத் துண்டுகள், எட்டுத் தூதுகள், எட்டுப் புரதங்கள் என்று கணக்கு நேராக முடிந்திருக்கலாம். முடியவில்லை. இன்ஃபுளுயன்சா ஏ உருவாக்கும் புரதங்கள் பத்துக்கும் மேல். பிரித்து வைத்த துண்டுகளிலும் இடம் போதாமல், ஒரே எழுத்து வரிசையை இருவகையாகப் படிக்கவைக்கிறது வைரஸ்.

ஏழாவது துண்டிலிருந்து வரும் தூது அப்படியே படிக்கப்பட்டால் எம்1 என்ற புரதம் கிடைக்கும். அது வைரஸ் உறையின் உட்புறத்தைத் தாங்குவது. அதே தூதின் நடுப்பகுதியைச் செல்லின் உட்கருவில் உள்ள அமைப்பு வெட்டி நீக்கி, மீதியை ஒட்டினால் எம்2 கிடைக்கும். அது உறையில் புரோட்டான் புகும் வழியாக அமைவது. இரண்டுக்கும் முதல் 9 அமினோ அமிலங்கள் பொது. பிறகு பாதை பிரிகிறது. எட்டாவது துண்டிலும் இப்படியே. வெட்டாத தூது என்எஸ்1 தரும். வெட்டி ஒட்டிய தூது, உட்கரு ஏற்றுமதிப் புரதம் என்று பெயர் பெற்ற 121 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தைத் தரும். இங்கே வெட்டி ஒட்டுவது வேண்டுமென்றே மந்தமாக நடக்கிறது. தூதுகளில் சிறு பங்குதான் வெட்டப்படுகிறது. ஆகவே ஏற்றுமதிப் புரதம் மெல்ல மெல்லவே சேர்கிறது. அது போதிய அளவு சேரும்போதுதான், புதிதாகப் படியெடுக்கப்பட்ட வடங்கள் உட்கருவைவிட்டு வெளியேறும். அந்த வெட்டு வேகமாக நடக்கும்படி மாற்றிய வைரஸ்களில், வடங்கள் போதுமான அளவு சேரும் முன்பே வெளியேறத் தொடங்கிப் பெருக்கம் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. கடிகாரம் இல்லாத இடத்தில், மெதுவாக நிரம்பும் நாழிகைவட்டிலைப் போல இந்தப் புரதம் காலத்தை அளந்து கொடுக்கிறது.

தமிழில் பிரிமொழிச் சிலேடை என்று ஒன்று உண்டு. 'பலகை' என்று சேர்த்துப் படித்தால் ஒரு பொருள். 'பல கை' என்று பிரித்தால் வேறொரு பொருள். எழுத்து ஒன்றும் மாறவில்லை, பிரிக்கும் இடம் மட்டுமே மாறியது. வைரஸின் எழுத்து வரிசை மூன்று மூன்றாகப் பிரித்துப் படிக்கப்படுவது என்பதால், ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினால் முற்றிலும் வேறான புரதம் பிறக்கும். 2001இல் கண்டறியப்பட்ட பிபி1-எஃப்2 அப்படிப்பட்டது. இரண்டாம் துண்டின் தூதில், பிபி1 தொடங்கும் ஏயூஜியைச் சில ரைபோசோம்கள் கடந்துபோய், சற்றுத் தள்ளி வேறு சட்டகத்தில், அதாவது மூன்று மூன்றாகப் பிரிக்கும் வேறொரு வரிசையில், உள்ள ஏயூஜியில் தொடங்குவதால் அது உருவாகிறது. 2012இல் கண்டறியப்பட்ட பிஏ-எக்ஸ் இன்னும் நுட்பமானது. இங்கே ரைபோசோம் பிஏ புரதத்தைச் சரியாகத்தான் தொடங்குகிறது. 191 அமினோ அமிலங்கள் கோத்த பிறகு, செல்லில் அரிதாகவே பயன்படும் ஒரு கோடானின் முன் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் மிகச் சில ரைபோசோம்கள் ஓர் எழுத்து முன்னே வழுக்கி, அங்கிருந்து வேறு சட்டகத்தில் படித்துப் புதிய வால் ஒன்றைச் சேர்க்கின்றன. பிஏவின் வெட்டும் பகுதி முன்பாதியில் இருப்பதால், பிஏ-எக்ஸும் வெட்டும் திறன் உடையது. அது செல்லின் தூதுகளை வெட்டிச் சிதைக்கிறது. கொஞ்சம் வழுக்கினால் போதும் என்ற அளவில் இது அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். எல்லா ரைபோசோம்களும் வழுக்கினால் பிஏ இருக்காது, பாலிமரேஸும் இருக்காது.

இன்ஃபுளுயன்சா பி வைரஸ் அதே ஏழாம் துண்டில் வேறு ஓர் உபாயத்தைக் கையாள்கிறது. அங்கே எம்1 புரதம் முடியும் இடத்தில் யூஏஏயூஜி என்ற ஐந்தெழுத்துகள் வருகின்றன. முதல் மூன்றான யூஏஏ என்பது நிறுத்தக் கோடான். கடைசி மூன்றான ஏயூஜி என்பது தொடக்கக் கோடான். நடுவிலுள்ள ஏ இரண்டுக்கும் பொது. எம்1ஐ முடித்து இறங்க வேண்டிய ரைபோசோம்களில் சில, இறங்காமல் அதே இடத்தில் ஓரிரு எழுத்து பின்னால் சாய்ந்து அடுத்த புரதமான பிஎம்2வைத் தொடங்கிவிடுகின்றன. ஒரு செய்யுளின் ஈற்றெழுத்தே அடுத்த செய்யுளின் முதலாக வரும் அந்தாதிபோல, ஒரு முடிவே இங்கே தொடக்கமாகிறது. 'ஒரு தூதுக்கு ஒரு புரதம்' என்ற விதி ஐந்தெழுத்துகளுக்குள் தளர்ந்துவிடுகிறது.

புரதங்கள் உருவான பின் அவை செல்லும் திசைகளும் வேறு வேறு. ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ், எம்2 ஆகிய மூன்றும் உறையில் பதிய வேண்டியவை என்பதால், அவற்றின் ரைபோசோம்கள் எண்டோபிளாச வலையோடு ஒட்டிக்கொண்டு புரதத்தை அதன் சவ்வுக்குள் செலுத்துகின்றன. அங்கிருந்து அவை செல்லின் மேற்பரப்புக்குப் போகின்றன. பாலிமரேஸின் மூன்று உறுப்புகளும் என்பியும் சைட்டோபிளாசத்தில் உருவாகி மீண்டும் உட்கருவுக்கே திரும்புகின்றன. அவற்றிலும் பிபி1உம் பிஏவும் இணைந்தே பயணம் செய்ய, பிபி2 தனியாக வந்து உட்கருவில் சேர்ந்துகொள்கிறது.

ரோட்டா வைரஸ் இதே சிக்கலை ஏறத்தாழ எதிர்த்திசையில் தீர்த்திருக்கிறது. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளின் குடல் திசுவில் கண்டறிந்த வைரஸ் இது. இதன் மரபணுத்தொகுதி 11 துண்டுகள் கொண்டது; ஒவ்வொன்றும் இரட்டை இழை. மொத்தம் ஏறத்தாழ 18,500 எழுத்து இணைகள். இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்பது ஆரோக்கியமான செல்லில் நீளமாகக் காணப்படாத பொருள். கண்டால் செல் உடனே எச்சரிக்கை அடையும். ஆகவே ரோட்டா வைரஸ் தன் 11 துண்டுகளையும் கடைசிவரை வெளியே எடுப்பதே இல்லை. மூன்று அடுக்கு உறையில் வெளியடுக்கு மட்டும் நுழையும்போது கழன்றுவிட, மீதமுள்ள இரண்டடுக்குத் துகளுக்குள்ளேயே பாலிமரேஸான விபி1 படியெடுக்கிறது. விபி3 என்ற நொதி தொப்பி வைக்கிறது; பறிக்க வேண்டிய தேவை இல்லை. எழுதப்பட்ட தூதுகள் துகளின் உச்சிகளில் உள்ள துளைகள் வழியே நூல் நூலாக வெளிவருகின்றன. துகள் உடையாமல் உள்ளேயிருந்து தூதுகள் நீண்டு வெளிவருவதை மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் காணலாம்.

இந்தத் தூதுகளுக்கு ஏ வால் கிடையாது. செல்லில் வால் வெறும் அலங்காரம் அன்று; அதில் ஒட்டும் ஒரு புரதம், தொப்பியில் ஒட்டும் புரதக் கூட்டத்தோடு கைகோத்து, தூதை வளையமாக்கி ரைபோசோமை மீண்டும் மீண்டும் ஏறச் செய்கிறது. வாலில்லாத ரோட்டா தூதுகளின் கடைசியில் யூஜிஏசிசி என்ற வரிசை இருக்கிறது. என்எஸ்பி3 என்ற வைரஸ் புரதம் ஒரு முனையால் அந்த வரிசையையும் மறுமுனையால் தொப்பிக் கூட்டத்தையும் பற்றி, வால்புரதம் இருக்க வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. வைரஸ் தூதுகள் வளையமாகின்றன. தம் இணைப்பை இழந்த செல்லின் தூதுகள் பின்தங்குகின்றன.

தனித்தனித் துண்டுகளால் கிடைக்கும் இன்னொரு வசதியை ரோட்டாவில் எண்களாகவே பார்க்கலாம். ஒரு துகளின் உறைக்கு விபி6 என்ற புரதம் 780 வேண்டும், விபி7உம் 780, விபி2 120, விபி4 180; பாலிமரேஸான விபி1 அதிகபட்சம் 12 போதும். ஒரே சங்கிலியாகச் செய்து துண்டிக்கும் வைரஸில் எல்லாப் புரதங்களும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் பிறக்கும். 780 உறைப் புரதம் வேண்டுமானால் 780 பாலிமரேஸும் செய்தாக வேண்டும். துண்டுகள் தனித்தனியாக இருக்கும்போது ஒவ்வொரு தூதும் எவ்வளவு எழுதப்படுகிறது, எவ்வளவு நன்றாகப் படிக்கப்படுகிறது என்பதைத் தனித்தனியே சீராக்கிக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான சான்று காராமணியில் நோய் உண்டாக்கும் தேமல் வைரஸில் இருக்கிறது. அதன் மரபணுத்தொகுதி இரண்டே துண்டுகள். அவை நேர்மறை இழைகள் என்பதால் ரைபோசோம் நேரடியாகப் படிக்கும். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரே நீண்ட புரதச் சங்கிலியாகவே படிக்கப்பட்டுப் பின்னர் வெட்டப்படுகிறது. முதல் துண்டில் பாலிமரேஸும் வெட்டும் நொதியும் உள்ளன; இரண்டாம் துண்டில் உறைப் புரதங்களும் செல்விட்டுச் செல் நகர உதவும் புரதமும் உள்ளன. நொதிகளையும் உறையையும் வெவ்வேறு துண்டுகளில் வைத்ததால், இரண்டும் ஒரே அளவில் உருவாக வேண்டிய கட்டாயம் தீர்ந்துவிட்டது. உறையின் பெரிய புரதம் 60, சிறிய புரதம் 60 என்பதால், ஒரே சங்கிலியிலிருந்து சம எண்ணிக்கையில் பிறப்பதும் அவற்றுக்குப் பொருந்திவிடுகிறது. இந்த வைரஸ் இரண்டு துண்டுகளையும் தனித்தனித் துகள்களில் அடைத்து அனுப்புகிறது. முதல் துண்டு மட்டும் செல்லுக்குள் போனால் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும், ஆனால் உறை இருக்காது. இரண்டாம் துண்டு மட்டும் போனால் படியெடுக்கவே ஆள் இல்லை. புரத உற்பத்தியில் கிடைத்த வசதிக்கு வைரஸ் கொடுக்கும் விலை இது: இரண்டு துகள்களும் ஒரே செல்லில் வந்து சேர வேண்டும்.

நிலக்கடலை மொட்டுக் கருகல் நோயை நம் மானாவாரி விவசாயிகள் நன்கு அறிவார்கள்; தக்காளியிலும் அது வருகிறது. இலைப்பேன்கள் பரப்பும் இந்த வைரஸின் மரபணுத்தொகுதி மூன்று துண்டுகள் கொண்டது. பெரிய துண்டு முழுவதும் எதிர்மறை. அதில் பாலிமரேஸ் மட்டும் உள்ளது. நடுத்துண்டும் சிறு துண்டும் இருதிசைத் துண்டுகள். சிறு துண்டில், ஆர்.என்.ஏ.வைப் போர்த்தும் 'என்' (N) என்ற புரதம் ஒரு முனையிலிருந்து எதிர்மறையாகவும், செடியின் எதிர்ப்பை அடக்கும் என்எஸ்எஸ் புரதம் மறு முனையிலிருந்து நேர்மறையாகவும் எழுதப்பட்டுள்ளன. ஒரே ஓலையின் இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி எழுதியதுபோன்ற அமைப்பு அது. நடுவில் ஊசிக்கொண்டைபோல் மடியும் ஒரு பகுதி, இருபக்கத் தூதுகளும் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று புகாமல் நிறுத்துகிறது. நேர்மறையாக எழுதியிருந்தும் என்எஸ்எஸ் நேரடியாகப் படிக்கப்படுவதில்லை. துண்டு முழுதும் ஒருமுறை எதிர்ப்படி எடுக்கப்பட்டு, அந்த எதிர்ப்படியிலிருந்துதான் அதன் தூது உருவாகும். ஆகவே 'என்' புரதம் முதலிலும் என்எஸ்எஸ் பின்னரும் வருகின்றன. எழுதிய திசையே காலவரிசையையும் அமைத்துக்கொடுக்கிறது. தொப்பி பறிப்பது இங்கேயும் உண்டு, ஆனால் உட்கருவில் அன்று, சைட்டோபிளாசத்தில். செல் ஏற்கெனவே அனுப்பிவைத்த தூதுகளின் தலைகளே இங்கே பறிபோகின்றன. இந்த வைரஸின் உறவினங்களில் சிலவற்றில், தூது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் பின்னால் ஏறிப் படித்துக்கொண்டு வந்தால்தான் தூது முழுமையாக எழுதி முடிக்கப்படும் என்பதும் தெரிந்திருக்கிறது; ரைபோசோமை மருந்தால் நிறுத்தினால் பாலிமரேஸும் பாதியில் நின்றுவிடுகிறது.

இப்போது துண்டு மாற்றத்துக்கு வரலாம். 1957இல் பரவிய ஆசிய ஃப்ளூ வைரஸில் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ், பிபி1 என்ற மூன்று துண்டுகள் பறவை வைரஸிலிருந்து வந்தவை; 1968இன் ஹாங்காங் ஃப்ளூவில் ஹீமக்ளூட்டினினும் பிபி1உம். உறைப் புரதம் மாறியதால் மக்களின் எதிர்ப்புச் சக்திக்கு அது அடையாளம் தெரியாமல் போனது என்பது பலரும் அறிந்தது. ஆனால் இரண்டு முறையும் உறைப் புரதத்தோடு பாலிமரேஸின் ஓர் உறுப்பும் சேர்ந்து வந்திருப்பது குறைவாகவே பேசப்படுகிறது. புதிதாக வந்த துண்டு பழைய துண்டுகளோடு சேர்ந்து வாழ வேண்டுமானால், பழைய பாலிமரேஸ் அதன் நுனிகளை அடையாளம் கண்டு படியெடுக்க வேண்டும். அதிலிருந்து பிறக்கும் புரதம் பழைய புரதங்களோடு பொருந்த வேண்டும். நுனிகள் எல்லாத் துண்டுகளிலும் ஒன்றுபோல இருப்பதால்தான் முதலாவது சாத்தியமாகிறது.

ரோட்டா வைரஸிலும் இது நடக்கிறது; அங்கே அதனால் விளைந்த நன்மையும் உண்டு. 1980களில் டெல்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், பிறந்த குழந்தைகளிடம் நோய் உண்டாக்காமல் பரவிக்கொண்டிருந்த ரோட்டா வைரஸ் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. 116ஈ என்று பெயரிடப்பட்ட அதன் 11 துண்டுகளில் 10 மனித ரோட்டா வைரஸுக்கு உரியவை. விபி4க்கான துண்டு மட்டும் மாட்டு ரோட்டா வைரஸுக்கு உரியது. எந்த ஆய்வகமும் அதைச் சேர்க்கவில்லை. எங்கோ ஒரு குடலின் ஒரு செல்லில் இரண்டும் சந்தித்திருக்க வேண்டும். அந்த வைரஸைக் கொண்டு செய்த சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, 2016 முதல் இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் கொடுக்கப்பட்டுவருகிறது. குழந்தையின் வாயில் விடும் ஒவ்வொரு சொட்டிலும் உள்ள வைரஸ் குடலின் செல்லுக்குள் நுழைந்ததும், மனித வைரஸின் விபி1, மாட்டு வைரஸின் விபி4 துண்டை அதன் நுனியெழுத்துகளால் அடையாளம் கண்டு படியெடுக்கிறது. விபி3 அதற்குத் தொப்பி வைக்கிறது. குழந்தையின் ரைபோசோம் அந்தத் தொப்பியில் ஏறி, முதல் ஏயூஜியிலிருந்து படிக்கத் தொடங்குகிறது.